பாலாற்றின் உப்புக் கணக்கு

ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகங்களில் ஒரு பழைய முறை உண்டு. தண்ணீரை நுண்ணிய வடிதாளில் வடிகட்டுவார்கள். வடிந்ததைக் கிண்ணத்தில் ஊற்றி, நீர் முழுவதும் ஆவியாகும்வரை சூடாக்குவார்கள். அடியில் ஒட்டிக் கிடப்பதை எடை போடுவார்கள். அந்த எடைக்கு மொத்தக் கரைந்த திடப்பொருள் என்று பெயர். எல்லாரும் சொல்வது டி.டி.எஸ். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த மூன்றெழுத்துக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. தோல் தொழிற்சாலையில் பச்சைத் தோலை முதன்முதலாக ஊறவைத்து வெளியேற்றும் தண்ணீரில் அந்த அளவு 35,000-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். கடல் நீரின் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு, தீர்ப்பு, சுத்திகரிப்பு நிலையம், கருவி, அபராதம் என்று எல்லாமும் இந்த உப்பைச் சுற்றி நடந்திருக்கின்றன. ஆனாலும் அது தீராததற்கு முக்கியமான காரணம், அதை நாம் எண்ணும் முறையிலேயே இருக்கிறது என்பது என் வாதம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். மொத்தம் எத்தனை டன் வந்தது, எத்தனை டன் எங்கே போனது என்ற கேள்விக்கு மக்கள் பார்க்கும்படி ஒரு கணக்கு கிடையாது.

உப்பு எப்படி இங்கே வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க மலிவான, யாருக்கும் கைவரும் வழி கல்லுப்பைத் தூவி அடுக்குவது. 100 கிலோ பச்சைத் தோலுக்கு 30 முதல் 40 கிலோ வரை உப்பு பிடிக்கும். உள்ளூர் மாட்டுச் சந்தைகளை மட்டும் நம்பித் தொழில் நடந்தபோது தோல் பயணம் செய்த தூரம் குறைவு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்த வட்டாரத்துக்குத் தோல் வருவதும் இங்கிருந்து போவதும் எளிதாயின. இன்று நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தோல் இங்கே வந்து சேர்கிறது. பயணத்துக்காகப் போட்ட உப்பு, பயணம் முடிந்ததும் வேண்டாத பொருளாகிவிடுகிறது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தண்ணீர்த் தொட்டியில் போட்டு அதைக் கழுவிவிடுகிறார்கள். பதனிட்ட தோலும் அதில் தைத்த ஷூவும் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போகின்றன. தூத்துக்குடியிலும் குஜராத்திலும் கடலிலிருந்து வாரிய உப்பு பாலாற்றங்கரையில் தங்கிவிடுகிறது. தோலைப் பதப்படுத்துவதற்கு முன் அமிலத்தில் ஊறவைக்கும் கட்டத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். சுண்ணாம்பு, சல்பைடு, கந்தக அமிலம் ஆகியவையும் தம் பங்குக்குக் கரைந்த பொருட்களைக் கூட்டுகின்றன. ஆனாலும் பெரும்பங்கு சாதாரணச் சோற்றுப்பு.

தோல் கழிவு என்றதும் பொதுமக்கள் நினைவுக்கு வருவது குரோமியம். அதற்குக் காரணமும் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டுவந்த இந்த வட்டாரம், 1970-களில் பச்சைத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வேகமாகக் குரோம் முறைக்கு மாறியது. அந்தக் குரோம் உப்புக்கு மூலப்பொருள் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்து வைத்துவிட்டு 1990-களில் மூடப்பட்டது. அந்தக் குவியலில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் தண்ணீரில் கரையக்கூடியது, நஞ்சு. அது தனிக் கதை, தனியாகவே எழுத வேண்டியது. தோல் தொழிற்சாலைக்குள் பயன்படும் மூன்று இணைதிற குரோமியத்தின் குணம் வேறு. கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்தால் அது கெட்டியாகி அடியில் படிந்துவிடும், வாரி எடுக்கலாம். தோலிலிருந்து வரும் கொழுப்பையும் புரதத்தையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சல்பைடைக் காற்றூட்டி முறிக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, எந்த மருந்தும் அதைப் படியவைக்காது. பிற கழிவுகளுக்காக 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், வாணியம்பாடியில் வாணிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், ராணிப்பேட்டையில் ராணிடெக் என்று பல, நிறத்தையும் நாற்றத்தையும் குறைத்தன. உள்ளே போன உப்பு தெளிந்த தண்ணீராக வெளியே வந்தது. பார்வைக்குத் தெளிவு, பாய்ச்சினால் பயிர் கருகும்.

உப்பு நஞ்சில்லையே, தினம் சாப்பிடுகிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்தின் கண்ணோட்டம் வேறு. களிமண்ணின் துகள்களைக் கட்டிப் பிடித்துப் பொலபொலப்பாக வைத்திருப்பது கால்சியம். உப்புத் தண்ணீர் தொடர்ந்து பாயும்போது சோடியம் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. துகள்கள் பிரிந்து, மண் ஈரத்தில் சேறாகவும் காய்ச்சலில் ஓடாகவும் மாறுகிறது. வேருக்குக் காற்றும் இல்லை, மழைநீர் இறங்க வழியும் இல்லை. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு அலசினால் மண் திரும்பும் என்பது வேளாண் பாடம். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது விவசாயியின் கேள்வி. அப்படியே அலசினாலும் அந்த உப்பு கீழிறங்கி அதே நிலத்தடி நீரில்தான் சேரும், அதே மோட்டார்தான் அதை மீண்டும் மேலே கொண்டுவரும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிவார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், சந்தேகம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம், இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டதாகக் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த டி.டி.எஸ். வரம்பு நியாயமற்றது என்று தோல் தொழிற்சாலைகளின் தரப்பு வாதிட்டது. நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திடம் நீதிமன்றம் கருத்துக் கேட்டது. வரம்பு சரியானதே என்று அந்த நிறுவனம் அறிக்கை தந்தது. வாரியத்தின் வரம்பு செல்லும் என்று தீர்ப்பானது. அந்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஆக, குரோமியத்தைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போன இடத்திலும் உப்பைப் பற்றி ஒத்துப்போக முடியவில்லை. தொழிலதிபர்கள் அன்றைக்கே சரியாகக் கணித்திருந்தார்கள்: மற்றதையெல்லாம் சமாளிக்கலாம், இதற்கு வழி இல்லை.

ஆங்கிலத்தில் கரைதலைக் குறிக்கும் டிசால்வ் என்ற சொல் 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரான சொல்வெரெ என்பதற்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். கட்டை அவிழ்ப்பதுபோலக் கடனை அடைப்பதற்கும் ரோமானியர்கள் அதே வினைச்சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் வேதியியல் வகுப்பில் சால்வென்ட் என்றால் கரைக்கும் திரவம்; வங்கியில் சால்வென்ட் என்றால் கடனைத் திருப்பிக் கட்டும் நிலையில் இருப்பவர். கட்ட முடியாதவர் இன்சால்வென்ட். நம் ஊரில் அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டவர். சொல்லாராய்ச்சி இங்கே பொழுதுபோக்குக்காக வரவில்லை. மாசு செய்தவர் ஈடு கட்ட வேண்டும் என்ற 1996-ஆம் ஆண்டுக் கோட்பாடு இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது: கரைத்தவர் கடனை அடைக்க வேண்டும். அடைத்தார்களா என்று பார்க்க ஓர் எண் இருக்கிறது. தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் விசாரித்து, 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்காக 29,193 பேருக்கு, 547 தோல் தொழிற்சாலைகளிடமிருந்து 26.82 கோடி ரூபாய் வசூலித்துத் தரும்படி 2001-இல் உத்தரவிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட விளைச்சல் இழப்புக்கு மாதம் சுமார் நூறு ரூபாய். அந்தத் தொகையையும் முழுமையாகப் பெறாதவர்கள் இருந்ததால்தான் வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது நம் பழமொழி. பாலாற்றங்கரையில் தின்றவர் ஒருவர், குடித்தவர் வேறொருவர்.

இனி 2,100 என்ற எண்ணுக்கு வருவோம். அது ஒரு செறிவு. செறிவுக்கு வரம்பு வைத்தால் அதைத் தொட இரண்டு வழி இருக்கிறது: உப்பைக் குறைப்பது, இல்லாவிட்டால் தண்ணீரைக் கூட்டுவது. இரண்டாவது வழியில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு டன் பச்சைத் தோலில் 300 கிலோ உப்பு இருந்து, அதில் பாதிதான் கரைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 150 கிலோ உப்பை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய 71,000 லிட்டர் தேவை, அதுவும் உப்பே இல்லாத தூய தண்ணீர். எடுக்கும் தண்ணீரிலேயே 1,000 மில்லிகிராம் இருந்தால் 1,36,000 லிட்டர் ஆகும். ஒரு டன் தோலைப் பதனிட மொத்தமாகவே 30,000 முதல் 40,000 லிட்டர் வரைதான் செலவாகிறது. வரம்பை அடைய மூன்று நான்கு மடங்கு தண்ணீரை, ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றிலிருந்து இறைக்க வேண்டும். அப்படி இறைத்துக் கலந்தாலும் தாளில் எண் இறங்கும். நிலத்தில் சேரும் உப்பு அதே 150 கிலோதான். கான்பூரின் ஜாஜ்மாவில் 1990-களில் செய்தது ஏறக்குறைய இதுவே. ஒரு பங்கு தோல் கழிவுநீருடன் மூன்று பங்கு நகரச் சாக்கடையைக் கலந்து சுத்திகரித்து, கிராமங்களின் பாசனத்துக்கு அனுப்பினார்கள். கங்கைச் சமவெளியில்கூட அது நிலங்களைக் கெடுத்தது என்ற புகார் ஓயவில்லை. பாலாற்றுக்குக் கங்கையின் தண்ணீரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஓடுகிற ஆறு உப்பைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கர்நாடகத்தில் தோன்றி 348 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, தரைக்கு மேல் ஓடுவதைவிட மணலுக்கு அடியில்தான் அதிகம் ஓடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்த உப்பு சாவகாசமாக, கிணறு கிணறாக நகர்கிறது.

அதனால்தான் திரவக் கழிவே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. சுத்திகரித்த தண்ணீரை எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரத்தில், அதாவது வீட்டில் ஆர்.ஓ. என்று சொல்கிறோமே அதன் பெரிய வடிவத்தில் செலுத்தி, முக்கால் பங்கு அளவுக்கு நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி தோல் பதனிடவே கொடுத்துவிடலாம். மிச்சமுள்ள கடும் உப்புநீரைக் கொதிகலன் நீராவியில் அடுக்கடுக்காகக் காய்ச்சினால் உப்பு திடமாக வந்து விழும். தமிழ்நாட்டுத் தோல் தொழில் இதில் செலவிட்ட பணமும் உழைப்பும் சிறிதல்ல. நாட்டில் வேறெந்தத் தோல் வட்டாரமும் இவ்வளவு தூரம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திரவம் பூஜ்யமானதும் உப்பு பூஜ்யமாகிவிடவில்லை. ஆய்வகக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த அதே பொருள் இப்போது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் நிற்கிறது. அது சமையலுக்கும் ஆகாது, மறுபடி தோலுக்குப் போடவும் தயங்குவார்கள். குளோரைடும் சல்பேட்டும் தோலின் கசடும் கலந்த கலவை உப்பு அது. திருப்பூரின் சாயப்பட்டறைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் மூடப்பட்டு, இதே நிபந்தனையோடு மீண்ட அந்தப் பட்டறைகள், பிரித்தெடுத்த உப்பையும் உப்புநீரையும் மறுபடி சாயம் ஏற்றவே பயன்படுத்துகின்றன. அங்கே உப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. இங்கே இல்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து அடுக்களை உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிறது. கொட்டகை ஒழுகினால் கலவை உப்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சிப் பிரித்தெடுக்கச் செலவழித்த விறகும் மின்சாரமும் வீணாகி, உப்பு மறுபடி கரைந்து மண்ணுக்குள் இறங்கும். கழிவைத் தேக்கிவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை நடந்ததே போதும். கழிவுச் சேறு நிரம்பிய தொட்டியின் சுவர் இடிந்ததில், பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. முதலாவது, இந்தப் பாறை நிலத்தில் தண்ணீர் இயல்பிலேயே கடினமானது; ஆந்திரத்தின் தடுப்பணைகள் வரத்தைக் குறைத்தன; மணல் கொள்ளை ஆற்றின் சேமிப்புத் தொட்டியையே காலி செய்தது; நகராட்சிகளின் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது; எல்லாப் பழியையும் தோல்மீது போடுவது என்ன நியாயம் என்பது. இதில் ஒவ்வொன்றும் உண்மை. மணல் போனதும் வரத்து குறைந்ததும் உப்பை நீர்க்கச் செய்யும் ஆற்றின் திறனைப் பாதித்தன. அதே அளவு உப்பு முன்னைவிட அதிகத் தீங்கு செய்கிறது. அந்தக் காரணத்துக்காகவே இன்று ஆற்றில் விடக்கூடிய உப்பின் எடை முன்பைவிடக் குறைய வேண்டும். தோல் தொழில் தன் பங்கு இவ்வளவுதான் என்று நிரூபிக்க விரும்பினால் அதற்கும் எடைக்கணக்கே கைகொடுக்கும். வாங்கியது இத்தனை டன், கொட்டகையில் இருப்பது இத்தனை டன், எங்களிடமிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்று பதிவேட்டைத் திறந்து காட்டலாம். கணக்கே இல்லாதபோது, பாலாற்றங்கரைக் கிராமமான மாராப்பட்டில் மழைக்குப் பின் ஆற்றில் நுரை பொங்கும் ஒவ்வொரு முறையும், ஒழுங்காக நடப்பவர் உட்பட எல்லாத் தொழிற்சாலைமீதும் சந்தேகம் விழுவதைத் தவிர்க்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, பிழைப்பு. ஆம்பூரின் ஷூ தொழிற்சாலைகளுக்குக் காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் பெண்களின் சம்பளத்தில்தான் பல குடும்பங்கள் நிமிர்ந்தன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அதை இழக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வேலைவாய்ப்பில் பெரும்பங்கு வெட்டுதல், தைத்தல், ஒட்டுதல் ஆகிய ஷூ கட்டத்தில் இருக்கிறது. உப்பில் பெரும்பங்கு ஊறல், அமிலம் ஆகிய முதல் கட்டங்களில், மிகக் குறைந்த ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. உப்பைக் கட்டுப்படுத்தினால் ஷூ கம்பெனி மூடப்படும் என்பது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது. தோல் பதனிடும் ஷாப்புகளின் சங்கடம் மெய்யானது. மாதம் சில டன் தோலைக் கூலிக்குப் பதனிடும் சிறு உரிமையாளருக்குச் சுத்திகரிப்புக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடுகிறது. கான்பூரிலும் கொல்கத்தாவிலும் இல்லாத கெடுபிடி எங்களுக்கு மட்டும் ஏன் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதற்கான பதில், நிபந்தனையை நாடு முழுவதற்கும் பொதுவாக்குவதும், செலவின் ஒரு பகுதியை ஷூ விலையில் ஏற்றுவதும். ஐரோப்பியக் கடைகளில் தோலின் மூலம், வேதிப்பொருள், கார்பன் என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கேட்கும் பெரிய பிராண்டுகள், ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் எத்தனை கிலோ உப்பு வேலூர் மண்ணில் தங்கியது என்றும் கேட்கத் தொடங்கட்டும். பேரத்தில் விலையைக் குறைத்துக்கொண்டே சான்றிதழை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அவர்களுக்கு எளிதாகத்தான் இருக்கிறது.

குழாய் போட்டுக் கடலில் விட்டுவிடலாமே என்ற யோசனை அவ்வப்போது எழும். கடலில் வந்த உப்பு கடலுக்கே போவதில் வேதியியல் ரீதியாகத் தவறில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் குழாயில் எது போகிறது என்று யார் காவல் காப்பது என்பதுதான் சிக்கல். சுத்திகரிப்பு நிலையத்தையே இரவில் தவிர்த்துவிடுவதாகக் குற்றச்சாட்டு இருக்கும் இடத்தில், கடற்கரை மீனவர்கள் அந்தக் குழாயை நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எடைக்கணக்கு பத்தாண்டுகள் நம்பகமாக நடந்த பிறகு அதைப் பேசலாம்.

ஆகவே செய்ய வேண்டியது உப்பு கரைவதற்கு முன்னால் இருக்கிறது. கரைந்த ஒரு கிலோ உப்பைத் திரும்பப் பிரிப்பதற்கு ஆகும் செலவு, அதை வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. கரையாத உப்பைத் துடைப்பத்தால் கூட்டிவிடலாம். தோலை ஊறல் தொட்டியில் போடுவதற்கு முன் மரச் சட்டத்தில் அடித்தோ சுழலும் டிரம்மில் போட்டோ உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் கணிசமான பங்கு உலர்ந்த நிலையிலேயே விழுந்துவிடும். இது பல காலமாகத் தெரிந்த முறை, பெரிய முதலீடு கேட்காத முறை. ஊறல் நீரை மற்றக் கழிவுநீரோடு கலக்காமல் தனியே பிரித்து வெயிலில் காயவைப்பதும் அப்படியே. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கும் வழிகளையும், தண்ணீர் சேர்க்காமல் குரோம் ஏற்றும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. பக்கத்து மாவட்டங்களின் அறுப்புக்கூடங்களிலிருந்து குளிரூட்டிய வண்டியில் வரும் தோலுக்கு உப்பே தேவைப்படாது. வழிகள் இருந்தும் பரவாததற்குக் காரணம் எளிது: செறிவு மட்டும் அளக்கப்படும்போது, உதறிச் சேமித்த உப்புக்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. எடை அளக்கப்பட்டால் ஒவ்வொரு மூட்டைக்கும் கட்டணம் இருக்கும். உதறுபவர் குறைவாகக் கட்டுவார், உதறாதவர் கூடுதலாகக் கட்டுவார். அதற்கு வேண்டிய கருவி ஒரு தராசு. தோல் லாரி உள்ளே வரும்போதும், உதறிய உப்பு வெளியே போகும்போதும், ஆவியாக்கியில் உப்பு விழும்போதும் எடை. மூன்றையும் கூட்டிக் கழித்து மீதி எங்கே என்று கேட்டால் போதும். ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் தண்ணீரைக் கலந்து எண்ணை இறக்குவதுபோல அவ்வளவு எளிதில் முடியாது. வாங்கிய தோலுக்கு ஜி.எஸ்.டி. ரசீது இருக்கிறது.

இதைச் செய்ய வைக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடவும் வேண்டாம். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தந்த தீர்ப்பு, நிலுவை இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்து வேலூர் வட்டாரத்தின் சுற்றுச்சூழலைத் தணிக்கை செய்யச் சொன்னது. வழக்கை முடித்துவிடாமல் தொடர்ந்து கண்காணிக்கவும் முடிவு செய்தது. தணிக்கை என்ற சொல்லுக்கு வரவு செலவு பார்ப்பது என்றுதான் பொருள். மேட்டூரிலிருந்து ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் காவிரித் தண்ணீரை வேலூருக்கும் ஆம்பூருக்கும் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்ததும் அந்தச் செலவுப் பக்கத்தில் ஏற வேண்டியதே. அதில் எவ்வளவு வறட்சிக்கு, எவ்வளவு உப்புக்கு என்று குழு பிரித்துச் சொல்லட்டும். ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் மாதந்தோறும் உள்ளே வந்த உப்பு, பிரித்தெடுத்த உப்பு, கொட்டகையில் இருக்கும் உப்பு ஆகிய மூன்றையும் டன் கணக்கில் நகராட்சி, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அந்தக் குழு உத்தரவு கேட்டுப் பெற வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய இயந்திரமோ தேவையில்லை. அடுத்த கிராம சபையில் துத்திப்பட்டிலும் மாராப்பட்டிலும் உள்ளவர்கள் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.